கம்பெனித் தூசியா, காலி மனையா? பார்த்தீனியம் பற்றி ஒரு குறிப்பு

இந்தப் பதிவை எழுதாமல் ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். காரணம் சாதாரணமானதுதான். இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வருகிறவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. மழை முடிந்த மாதங்களில் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். தண்டவாளத்தின் ஓரம், லேஅவுட் போட்டுக் கல் நட்ட மனைகள், கம்பெனி காம்பவுண்டுக்கு வெளியே கொட்டின மண்மேடு, எங்கே பார்த்தாலும் இடுப்பளவுக்கு நிற்கும். கேரட் இலை மாதிரி பிளந்த இலை, உச்சியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பூக்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அழகாகக்கூட இருக்கும். தாவரவியல் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ். நம்ம பக்கத்தில் பார்த்தீனியம் என்றே சொல்வார்கள். சிலர் விஷச்செடி என்பார்கள். கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கம் போனால் காங்கிரஸ் செடி, காங்கிரஸ் புல்.

இந்தச் செடி பற்றி நம்ம எல்லோருக்கும் தெரிந்த வரலாறு ஒரே வரிதான்: "அமெரிக்காக்காரன் பி.எல்.480 கோதுமையில கலந்து அனுப்பிட்டான்." நானும் பள்ளிக்கூடத்தில் இருந்து அதையே நம்பினவன். தேதிகளை எடுத்து வைத்துச் சரிபார்க்கணும் என்று தோன்றியது என் மாமாவால்தான். முதலில் அவர் கதை.

மாமாவின் முகம்

மாமா என் அம்மாவின் தம்பி. சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். ஐம்பது வயசு தாண்டின ஒரு கோடையில் அவருக்குக் கண் இமை வீங்கி அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து, காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு. முதல் வருஷம் மழை விட்டதும் குறைந்தது. அடுத்த வருஷம் குறையவில்லை. மூன்றாவது வருஷம் நெற்றித் தோல் கறுத்துத் தடித்து, சுருக்கம் சுருக்கமாக மடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். தொற்றுநோய் என்று நினைத்து ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காராதவர்கள் உண்டு.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். பாட்டி "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று கத்திரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் சுகர் என்றார். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். போட்டால் நாலு நாள் அடங்கும், விட்டால் திரும்ப வரும். பார்த்த டாக்டர்களில் ஒருத்தர் வெயில் அலர்ஜி என்றார்.

நான் பி.இ. படித்தவன் இல்லையா, மூல காரணம் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். இரும்புத் தூசி, புகை, கிரீஸ், இருபத்தைந்து வருஷ வேலை. வேற என்ன வேணும்? "கம்பெனித் தூசிதான் மாமா, வேலையை விட்டுடுங்க" என்றேன். அவர் அப்போதே ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருக்கேன், அன்னிக்கும் அரிக்குதே மாப்ள?" என் கணக்குக்கு ஒத்து வராத அந்த ஒரு தகவலை நான் கண்டுகொள்ளவில்லை. "அது உடம்புல ஊறிப்போயிருக்கும்" என்று ஒரு பதில் சொன்னேன். எட்டு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கும்போது அவர் வேலையை விட்டார்.

வேலையை விட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். திண்ணைக்கு எதிரில் யாரோ முதலீட்டுக்கு வாங்கிப் போட்ட மூன்று காலி மனைகள். மூன்றிலும் பார்த்தீனியம். ஆறு மாதத்தில் முகம் முன்பை விட மோசமானது.

இரண்டு வருஷம் கழித்து சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஒரு டாக்டர் அம்மா, மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேல் இமையையும் காதுக்குப் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டது, அதுவரைக்கும் யாருமே கேட்காத கேள்வி: "வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன பட்டைகள் ஒட்டினார்கள். பேட்ச் டெஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். இரண்டு நாள் குளிக்கக்கூடாது. பிரித்துப் பார்த்தபோது சிமென்ட்டிலும் தோல் பதனிடுதலிலும் வருகிற பொட்டாசியம் டைக்ரோமேட், உலோக வேலையில் வருகிற நிக்கல், இரண்டு இடமும் சுத்தமாக இருந்தன. பார்த்தீனியம் ஒட்டின இடம் மட்டும் சிவந்து, தடித்து, கொப்புளம் போட்டிருந்தது.

அரிப்பு இரண்டு வகை

நம்ம ஊரில் செடியால் தோலுக்கு வருகிற தொந்தரவு புதுசு இல்லை. செந்தட்டி பட்டால் சுரீர் என்று எரியும். பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் நமைச்சல் தாங்காது. கள்ளிப்பால், எருக்கம்பால் பட்டால் புண்ணாகும். இவையெல்லாம் நேரடித் தாக்குதல். யார் தொட்டாலும் நடக்கும், தொட்ட கொஞ்ச நேரத்தில் நடக்கும். அதனால் குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறது.

இன்னொரு வகை ஒவ்வாமை. இதில் செடியை விட நம் உடம்பின் நினைவாற்றல்தான் முக்கியம். பார்த்தீனியத்தின் இலை, தண்டு, பூவில் இருக்கிற நுண்ணிய மயிரிழைகளில் பார்த்தெனின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற வகையைச் சேர்ந்தது. தோலுக்குள் போனதும் அங்கே இருக்கிற புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டின புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை வைத்திருப்பவை டி செல்கள். குறித்து வைத்த பிறகு, கொஞ்சூண்டு பட்டாலும் அவை திரண்டு வந்து அந்த இடத்தைத் தாக்கும்.

இதில் இரண்டு விஷயம் நம்மை ஏமாற்றுகிறது. ஒன்று, எதிர்வினை உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். திங்கள்கிழமை பட்டதற்குப் புதன்கிழமை அரித்தால், புதன்கிழமை சாப்பிட்ட கருவாட்டின் மேல்தான் பழி விழும். இரண்டு, உடம்பு அதைக் குறித்து வைத்துக்கொள்ள வருஷக்கணக்கில்கூட ஆகலாம். "இந்தச் செடி இத்தனை வருஷமா இங்கதானே இருக்கு, அப்ப வராதது இப்ப எப்படி வரும்?" என்று மாமா கேட்டதற்கு அதுதான் பதில். அத்தனை வருஷம் பட்டதால்தான் இப்போது வந்தது.

போதாததற்கு, செடியைத் தொடவே வேண்டியதில்லை. காய்ந்து பொடியான துகள்கள் காற்றில் வந்து முகத்தில் படிந்தால் போதும். அதனால்தான் துணி மறைக்காத இடங்களிலும், வேர்வையும் தூசியும் தங்குகிற மடிப்புகளிலும் வருகிறது. பார்ப்பதற்கு வெயில் அலர்ஜி போலவே இருக்கும். ஆனால் வெயில் மேல் இமை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் அவ்வளவாகப் படாது. காற்று எல்லா இடத்துக்கும் போகும். டாக்டர் டார்ச் அடித்துத் தேடினது அதைத்தான்.

காரணத்தைத் தோலிலேயே வைத்துச் சோதிக்கிற பேட்ச் டெஸ்ட் முறையை 1895-ல் யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். நூற்றாண்டு கடந்த சோதனை. என் மாமாவுக்கு அது கிடைக்க, அரிப்பு ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆனது.

தோல் அரிப்பில் பழியைத் தப்பான ஆள் மேல் போடுவதற்கும் பழைய சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் தங்களுக்கு வந்த படர்தாமரைக்கு 'டோபி இட்ச்' என்று பெயர் வைத்தார்கள். சலவைத் தொழிலாளி துவைத்த துணியால் வந்தது என்று எண்ணம். உண்மையில் அது பூஞ்சை. ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சட்டைக் காலரின் குறி பட்ட இடத்தில் மட்டும் தோல் பொங்கியது. லிவிங்குட் என்ற ராணுவ மருத்துவரும் அவர் சகாக்களும் 1943-ல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். காரணம், துணியில் குறிபோடப் பயன்பட்ட சேராங்கொட்டையின் சாறு. அமெரிக்காவின் 'பாய்சன் ஐவி' என்ற கொடியில் இருக்கிற அதே குடும்பத்து ரசாயனம் அதிலும் இருக்கிறது. ஊரில் அந்தக் கொடி பட்டு உடம்பில் பதிந்திருந்த நினைவு, இங்கே வந்து ஒரு சலவைக்குறியில் விழித்துக்கொண்டது. ஒரு தடவை சலவைத் தொழிலாளி மேல் வீண்பழி, இன்னொரு தடவை துணிக்குறியே காரணம். சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

புனே, 1956

இப்போது செடிக்கு வருவோம். இதன் சொந்த ஊர் மெக்ஸிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள வெப்பமண்டல அமெரிக்கா. லின்னேயஸ் 1753-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார், ஜமைக்காவில் கிடைத்த செடியைக் கொண்டு. அமெரிக்காவில் இதனால் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்ததைப் பற்றி 1930-லேயே ஒரு ராணுவ மருத்துவ இதழில் குறிப்பு வந்திருக்கிறது. அதாவது, நம் நாட்டில் இது பெரும் தொல்லையாவதற்கு முன்பே இது தோலுக்கு ஆகாது என்று அச்சில் இருந்தது.

இந்தியாவில் இதை முறையாகப் பதிவு செய்தவர் தாவரவியலாளர் ஆர்.எஸ். ராவ். புனேயில் குப்பைமேடுகளில் 1955-ல் கண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1956-ல் இந்தியாவுக்குப் புதிய செடி என்று எழுதினார். அதற்குப் பிறகு இது பரவிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி: எப்படி வந்தது? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கினது கோதுமை. ரேஷன் கடையில் எல்லோரும் பார்த்தது, தின்றது. ஆக, கதை தயார். கோதுமையை வாங்கினது காங்கிரஸ் அரசு, பூவும் கதர்க் குல்லாய் மாதிரி வெள்ளை. பெயரும் தயார்.

தேதிகள் ஒத்து வருகிறதா?

எங்கள் வேலையில் ஒரு பிழை வந்தால் முதலில் பார்ப்பது நேர முத்திரையை. விளைவு காரணத்துக்கு முன்னால் வர முடியாது. அதே கண்ணோடு இதைப் பார்த்தேன்.

பி.எல்.480 என்பது 1954 ஜூலையில் ஐசனாவர் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவோடு முதல் ஒப்பந்தம் ஆனது 1956 ஆகஸ்ட் 29. புனே குப்பைமேட்டில் செடி நின்றது 1955. ஒப்பந்தத்துக்கு முந்தின வருஷமே பூத்துவிட்ட செடியை அந்த ஒப்பந்தத்துக் கோதுமை கொண்டு வந்திருக்க முடியாது.

உடனே அமெரிக்கக் கோதுமைக்கு விடுதலை கொடுத்துவிடவும் முடியாது. பி.எல்.480-க்கு முன்பே, 1951-ல், இந்தியாவுக்கென்று அமெரிக்கா தனியாக ஓர் அவசர உணவு உதவிச் சட்டம் போட்டு 20 லட்சம் டன் தானியம் வாங்கக் கடன் கொடுத்தது. அந்தத் தானியத்தோடு விதை வந்திருந்தால் 1955-க்குக் கணக்கு சரியாக வரும். அறுபதுகளின் நடுவில் பஞ்ச காலத்தில் வந்த பெரும் இறக்குமதிகள் திரும்பத் திரும்ப விதையைக் கொண்டு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. செடியின் ரசாயனமும் அந்தத் திசையையே காட்டுகிறது. தென் அமெரிக்காவின் சில பகுதிகளில் வளரும் பார்த்தீனியத்தில் பார்த்தெனினுக்குப் பதில் ஹைமெனின் என்ற பொருள் இருக்கிறது. நம்ம ஊர்ச் செடியில் இருப்பது வட அமெரிக்க, கரீபியன் செடிகளில் உள்ள பார்த்தெனின்.

ஆனால் இன்னும் பின்னால் போனால் கதை மாறுகிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் டீட்ரிச் பிராண்டிஸ் 1880-ல் சேகரித்த பார்த்தீனியம் இருக்கிறது. இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரி அவர். அதற்கும் முன்னால், கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வளர்ந்த செடிகளுக்கு ராக்ஸ்பர்க் போட்ட பட்டியல் 1814-ல் அச்சானது. அதிலும் இந்தப் பெயர் இருக்கிறது. நம் ஊரில் கோதுமைக் கப்பலைப் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலம் அது.

ஆக, செடி இந்த மண்ணுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கப்பலில் என்று நினைக்கிறதே தப்பு. 1814-ல் ஒரு பூங்காவில் இருந்தது. 1880-ல் யாரோ பறித்து ஒட்டி வைக்கும் அளவுக்கு இருந்தது. அப்போதெல்லாம் அது நாட்டைப் பிடிக்கவில்லை. 1955-க்குப் பிறகுதான் பிடித்தது. எப்படி வந்தது என்பதை விட, வந்து 140 வருஷம் சும்மா இருந்தது ஏன் திடீரென்று ஓட ஆரம்பித்தது என்பதுதான் நல்ல கேள்வி.

ஆஸ்திரேலியாவின் கதை இதற்கு உதவுகிறது. அங்கே குயின்ஸ்லாந்தில் டூகூலாவா என்ற இடத்தில் 1955-ல் பார்த்தார்கள். உலகப்போர் காலத்தில் அமெரிக்க விமான உதிரிபாகங்களோடு வந்ததாகச் சொல்கிறார்கள். பெரிய அளவில் தொல்லை கொடுத்தது அந்தச் செடி இல்லை. அதற்குப் பிறகு கிளெர்மான்ட் பக்கம், டெக்ஸாஸில் இருந்து வந்த புல் விதையோடு கலந்து வந்து, மேய்ச்சல் நிலங்களில் பரவினதுதான். விதை வந்தால் மட்டும் போதாது. கிளறிவிட்ட, மூடாத, யாரும் கவனிக்காத மண் வேண்டும்.

தோல் மருத்துவர்கள் கண்டது

புனேயில் முதலில் செடி, பின்னாலேயே நோயாளிகள். தோல் மருத்துவர் லோன்கர், ஜோக் என்பவரோடு சேர்ந்து 1968-ல் ஒரு நோயாளியைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவ இதழில் எழுதினார். அப்போது அது ஒற்றைச் சம்பவம். 1974-ல் அதே லோன்கர், கனடாவின் ஜான் மிட்செல், லண்டனின் கால்னன் ஆகியோரோடு எழுதிய கட்டுரை இதை உலகத்துக்கே தெரிய வைத்தது. நோயாளிகள் பெரும்பாலும் வெளியில் வேலை செய்கிற, நடுத்தர வயது தாண்டின ஆண்கள். என் மாமாவின் சரியான வர்ணனை, அவருக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதன் மகரந்தம் மூக்கில் ஏற்படுத்தும் ஒவ்வாமையைத் தனியாக ஆராய்ந்தார்கள். இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. பார்த்தீனியத்துக்குப் பழகிய உடம்பு அதன் உறவுக்காரச் செடிகளையும் தப்பாக அடையாளம் காணலாம். சாமந்தி அதில் ஒன்று. மாமா வீட்டில் வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்குச் சாமந்தி போடுவதை நிறுத்தினது டாக்டர் சொல்லித்தான்.

சட்டமும் வண்டும்

கர்நாடக அரசு 1975-ல் இதைச் சட்டப்படி தீய களையாக அறிவித்தது. நிலத்துக்காரர் அழிக்க வேண்டும் என்று விதி. ரோட்டோரத்துக்கும் புறம்போக்குக்கும் யார் நிலத்துக்காரர்? செடி நிறைய இருப்பது அங்கேதான்.

அடுத்தது வண்டு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983-ல் மெக்ஸிகோவில் இருந்து சைகோகிராமா பைகலராட்டா என்ற இலை தின்னும் வண்டைத் தருவித்தது. 1984-ல் பெங்களூரில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் பெருகி, மழைக்காலத்தில் பார்த்தீனியத்தை மொட்டையடிக்கும் அளவுக்கு வந்தது. அப்போது ஒரு பூதம் கிளம்பியது: வண்டு சூரியகாந்தியைத் தின்கிறது! விவசாயிகளுக்குப் பயம், பத்திரிகைகளில் சண்டை, மத்திய அரசு ஓர் உண்மை அறியும் குழு. ஆராய்ந்து பார்த்தால், பக்கத்து வயலில் இருந்து பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்ததுதான் வண்டைக் கடிக்கத் தூண்டியிருக்கிறது. இங்கேயும் அதே பாடம். பார்த்தவர்கள் பார்த்தது உண்மை, சொன்ன காரணம் முழுசு இல்லை.

வண்டால் முடியாதது ஒன்று உண்டு. கோடையில் அது மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். செடியோ கொஞ்சம் ஈரம் கிடைத்தால் எந்த மாதத்திலும் முளைக்கும், ஒரு மாதத்தில் பூக்கும். ஒரு நல்ல செடி 15,000 விதைக்கு மேல் கொடுக்கும். மற்ற செடிகளை வளரவிடாத பொருட்களையும் மண்ணில் விடும். மாடு வேறு வழியில்லாமல் தின்றால் பால் கசக்கும்.

காலி மனை

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் பகுதியை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லும் நிலக்கடலையும் விளைந்த நிலங்கள் என் கண் முன்னாலேயே மாறியிருக்கின்றன. சில கம்பெனி ஆயின. சில மனையாகிக் கல் நடப்பட்டு, விலை ஏறட்டும் என்று கிடக்கின்றன. உழுகிற நிலத்தில் களை எடுக்க ஆள் இருக்கும். ஓடுகிற கம்பெனிக்குள் தோட்டக்காரர் இருப்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டின நிலம், லாரி லாரியாக மண் கொட்டின இடம், ரயில்வே ஓரம், இங்கெல்லாம் கேட்க ஆள் கிடையாது. செடிக்கு அது போதும். கொட்டின மண்ணிலும் லாரி டயரிலும் விதை ஊர் ஊராகப் போகிறது. இதற்கு எந்த ஊர்க் கோதுமையும் தேவையில்லை.

கம்பெனிகளுக்கு நற்சான்று கொடுக்க இதை எழுதவில்லை. சிமென்டில் இருக்கிற குரோமியத்தால் கை கால் வெடித்துப்போன கட்டடத் தொழிலாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உலோகம், ரப்பர், எபாக்ஸி ஒவ்வாமைகளும் நிஜம். அவர்களுக்கும் வேண்டியது இதே பேட்ச் டெஸ்ட்தான். காரணம் வேலை இடம் என்று தெரிந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். காலி மனை என்று தெரிந்தால் வேலையை விடாமல் இருக்கலாம். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான் செய்தது அதுதான்.

மாமாவுக்கு அசதையோப்ரின் மாத்திரை கொடுத்தார்கள். பார்த்தீனிய ஒவ்வாமைக்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. எதிர் மனைக்காரர்களைப் பிடித்து, தெருக்காரர்கள் சேர்ந்து செடியைப் பிடுங்கினோம். மூன்று வருஷமாக, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பிடுங்குகிறோம். மாமாவின் முகம் பழைய நிறத்துக்கு வரவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறார். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன்.

போன மாதம் ஒரு நாள் அவரிடம் கேட்டேவிட்டேன், "என் மேல கோவம் இருக்கா மாமா?" என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ நல்லதுக்குத்தான் சொன்ன. ஆனா ஞாயித்துக்கிழமை பத்தி நான் சொன்னேன் பாரு, அதை நீ கேட்டிருக்கலாம் மாப்ள" என்றார்.

செடியைப் பிடுங்க நினைக்கிறவர்களுக்கு நாலு விஷயம். பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எடுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் குளித்து அந்தத் துணியைத் துவைத்துவிடுங்கள். காய்ந்ததைக் கொளுத்தாதீர்கள், காய்ந்த செடியிலும் அந்த ரசாயனம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே அரிப்பு உள்ளவர் அந்த வேலைக்கு வரவே கூடாது, வேறு ஆளை விடுங்கள். கோடையில் இமையும் கழுத்தும் அரித்து, களிம்பு போட்டால் அடங்கித் திரும்பத் திரும்ப வந்தால், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி பக்கத்துப் பெரியவர்கள் இந்தச் செடியை முதன்முதலில் எந்த வருஷம், எந்த இடத்தில் பார்த்தார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சேகரிக்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஞாபகம் உள்ளவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். வருஷம் சரியாகச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, "கரண்ட் வந்த வருஷம்", "அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி" என்றாலும் போதும். தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.